மான் தின்ற கடிதமும் வெள்ளிக்கிழமை பத்து மணியும்

1

சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். கடலைப் பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. நிறுத்தற்குறிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இந்தக் கதை எனக்கு ஒரு மானின் வாயிலிருந்து கிடைத்தது.

(வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. திருகோணமலையில் புள்ளிமான்கள் கோட்டை வாசலிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் தங்கள் பாட்டில் திரியும். வாழைப்பழத் தோல், பாண் துண்டு, லொத்தர் சீட்டு எல்லாம் தின்னும். பரிசு விழுந்த சீட்டா விழாத சீட்டா என்று பார்ப்பதில்லை. நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கலாம். இந்தக் கதையில் நீங்கள் நேரில் வந்து சரிபார்க்கக்கூடிய ஒரே விஷயம் இதுதான் என்பதால் வந்துவிட்டுப் போவது நல்லது.)

கோட்டைக்குப் போகும் வீதியில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஒரு கிழட்டு ஆண் மான் கடதாசி ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்றது. கடதாசியில் சிவப்பு மை. எழுதுகிறவனுக்குச் சிவப்பு மையைக் கண்டால் விட்டுப் போக மனம் வராது. நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அது மறு முனையை இழுத்தது. கடைசியில் எனக்குக் கிடைத்தவை மூன்று துண்டுகள். முதலாவதில் “...ஹைரா தொடர்ந்து பின்தங்கி...” என்று இருந்தது. இரண்டாவதில் “...தம்பி படிக்கும் வகுப்பிலேயே...” மூன்றாவதில் “பெற்றோர் கையொப்பம்” என்றும் அதற்குக் கீழே ஒரு புள்ளிக்கோடும்.

நடுப்பகுதியை மான் வைத்துக்கொண்டது. ஆகவே இந்தக் கதையின் நடுவில் ஏதாவது குறை தெரிந்தால் முறைப்பாட்டை அங்கே கொடுக்கவும்.

மீதியை விசாரித்து அறிந்தேன். விசாரிப்பது என்றால், கப்பல்கள் அணையும் ஜெற்றிக்கு முன்னாலுள்ள தேநீர்க் கடையில் இருந்துகொண்டு அடுத்த மேசையில் கதைப்பதைக் கேட்பது.

2

முதல் வசனத்துக்கு மூன்று நாள் எடுத்தது. எழுதியவற்றை எறிய மனமில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

“உட்துறைமுகத்தின் மேல் மாலைச் சூரியன் செம்பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது நிப்றாஸ் தன் மகளின் எதிர்காலத்தை” (நிறுத்துகிறேன். அன்று மழை.)

“எட்டு வயதுச் சுஹைராவுக்கு எழுத்துகள் எல்லாம் ஊர்ந்து போகும் எறும்புகளாகத் தெரிந்தன” (இதுவும் சரிவராது. எழுத்து தனக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் வாப்பாவுக்கே சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஏன் சொல்லப்போகிறாள்?)

“கல்வி என்பது” (இல்லை.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

நிப்றாஸ் துறைமுகத்தில் கயிறு பிடிக்கிறவன். கப்பல் கரையை அணையும்போது மேலிருந்து வீசப்படும் கயிற்றைப் பிடித்து இழுத்து, ஜெற்றியிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்டுவது அவனுடைய வேலை. கோதுமைக் கப்பல், சீமெந்துக் கப்பல், என்ன ஏற்றி வந்தது என்று யாருமே சொல்லாத கப்பல், எல்லாம் அவன் மாட்டிய பிறகுதான் நிற்கும். அவனுடைய மனைவி ஜெஸீமா ஒன்றரை வருடமாக டோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்றையும் எழுப்பி, உடுப்பு மாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, வந்ததும் பாடம் எழுத வைப்பது அங்கே அவளுடைய பொறுப்பு. இங்கே அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் சுஹைரா, மூன்றாம் வகுப்பு. இளையவன் ஸஜ்ஜாத், இரண்டாம் வகுப்பு.

ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகை முடிய ஜெஸீமா ஃபோன் எடுப்பாள். அந்த நேரம் சுஹைரா தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு பாடம் வாசித்துக் காட்டுவாள். தட்டுத் தடங்கல் இல்லாமல், கேள்வி வரும் இடத்தில் குரலை உயர்த்தி, சந்தைக்காரன் கதைக்கும் இடத்தில் சந்தைக்காரன் மாதிரியே வாசிப்பாள். ஃபோனில் ஜெஸீமாவுக்குத் தெரிவது மகளின் நெற்றியும் பாதிப் புருவமும்தான். புத்தகம் தெரியாது. நிப்றாஸ் சாய்வு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கயிறு இழுத்த கைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது என்று கடையில் அவனே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் வாசிப்பு இப்படி நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சிவாஜினி டீச்சர் ஃபோன் எடுத்து, அனுப்பிய கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டபோது, நிப்றாஸ் அது வேறு யாரோ ஒருவருடைய பிள்ளை என்று நினைத்தான்.

3

(பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணி அடித்தால் ஜெற்றியில் கேட்கும். கப்பல் ஊதினால் வகுப்பில் கேட்கும். இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டு ஒரு நாள் மாலுமிகள் எல்லாரும் வரிசையில் நின்று தேசிய கீதம் பாடியதை நான் என் கண்ணால் கண்டேன். அது வேறு கதை.)

மான் தின்றதற்கு அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நிப்றாஸ் போனான். பிள்ளைகளின் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அவனுடைய முழங்கால்கள் நாடிக்கு வந்தன.

மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று சிவாஜினி டீச்சர் ஓசைப்படாமல் சொன்னார். நிப்றாஸ் சிரித்துவிட்டான்.

“இல்ல டீச்சர். அவ நல்லா வாசிப்பா. ஒவ்வொரு நாளும் அவட உம்மாக்கு ஃபோன்ல வாசிச்சுக் காட்டுறவ. நானும் கேக்கிறனான்.”

“கேக்கிறனீங்கள். பாக்கிறனீங்களா?”

டீச்சர் சுஹைராவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். சந்தைப் பாடம். அவள் தொடங்கினாள். குரல் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. சந்தைக்காரன் வந்தான். நிப்றாஸ் பழக்கதோஷத்தில் கண்ணை மூடப்போனான்.

“குரலக் கேக்காதேங்கோ,” என்றார் டீச்சர். “விரலப் பாருங்கோ.”

வரிக்குக் கீழே அவளுடைய சுட்டுவிரல் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக.

நிப்றாஸுக்கு உடனே விளங்கவில்லை. அவனும் அப்படித்தான் விரல் வைத்துப் படித்தவன். அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவில் அரபு வரிக்குக் கீழே விரல் போகும் திசை அது. அங்கே அது சரியான திசை. அங்கே சுஹைரா வகுப்பில் முதலாம் பிள்ளை. ஒரு தரம் ஓதக் கேட்டால் மறு தரம் பிசகாமல் ஓதுவாள் என்று அங்குள்ள ஆசிரியை நஜ்முன் நிஸா சந்திக்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். அதே விரல் தமிழ் வரிக்குக் கீழேயும் அதே திசையில் போனபோது, வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை. பழகிய கண்ணுக்கு அது ஒரு பிள்ளை ஒழுங்காகப் படிக்கும் காட்சி.

விரல் ஒரு பக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் போனது. பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடம் தாண்டி மூன்று வசனம் போன பிறகுதான் அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

டீச்சர் மேசையிலிருந்த சுற்றறிக்கை ஒன்றை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தார். விரல் நின்றது. குரலும் நின்றது. சுஹைரா அழவில்லை. கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்கிற முதலாளியைப் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு டீச்சர் கடிதத்தின் இரண்டாவது பிரதியை எடுத்தார். அடுத்த தவணையிலிருந்து சுஹைராவை இரண்டாம் வகுப்பில் இருத்துவதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். ஸஜ்ஜாத் இருக்கிற வகுப்பு.

நிப்றாஸ் பேனையை எடுக்கவில்லை. அவனுக்கு ஜெஸீமாவின் நினைவு வந்தது. மகள் தம்பியோடு ஒரே வாங்குப் பலகையில் இருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள், அல்லது வர முடியாமல் அங்கேயே கிடந்து அழுவாள். இரண்டில் எது மோசம் என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

“டீச்சர், ஒரு தவண தாங்க.”

“அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தாறன். பத்து மணிக்கு வாங்கோ, ஜும்ஆத் தொழுகைக்கு விட முதல். இந்தப் புத்தகத்தில இல்லாத ஒரே ஒரு வசனம். அவ அத வாசிச்சா நானே இந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடுறன். இல்லாட்டி கையெழுத்துப் போடுங்கோ. நான் அவக்கு எதிரி இல்ல.”

முதல் கடிதம் எங்கே போனது என்று தனக்குத் தெரியாது என்றும், பிள்ளையிடம் கேட்டபோது மான் தின்றது என்று சொன்னதாகவும் டீச்சர் கடைசியாகச் சொன்னார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனையோ பொய் கேட்டிருக்கிறாராம், இப்படி ஒன்றைக் கேட்டதில்லையாம்.

4

இந்தப் பகுதியில் நான் சிவாஜினி டீச்சரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். கதைக்கு ஒரு கெட்ட ஆள் வேண்டும். பிரம்பு கொடுத்தேன், வாங்கவில்லை. ஏளனமாகக் கொடுப்புக்குள் சிரிக்க வைத்தேன், ஒத்துவரவில்லை. இன்ரவெல்லுக்குச் சாப்பிடாமல் சுஹைராவை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக அட்டையில் எழுத்துக் காட்டிய மனிதரை நான் என்ன செய்வது? அவருக்கும் ஏமாற்றம்தான். அந்த அட்டைகளையும் சுஹைரா வரிசையாக மனப்பாடமாக்கிவிட்டாள்.

பிறகு நிப்றாஸுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று வைக்கலாமா என்று யோசித்தேன். வாப்பாவும் மகளும் ஒரே குப்பி விளக்கில் சேர்ந்து அரிவரி படிக்கும் காட்சி! பரிசுக் குழுவினர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் நிப்றாஸ் சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்தவன். பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் வாசிப்பவன். அவன் வீட்டில் மின்சாரமும் இருக்கிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதுதான் அவனைக் குத்தியது. இரண்டு அடி தள்ளி இருந்த புத்தகத்தை ஒன்றரை வருடத்தில் ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

5

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் விசாரித்தது மகனை.

ராத்தா சுஹைராவுக்கு யார் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டான். ஸஜ்ஜாத் மாங்காய்க்கு உப்புத் தூள் தொட்டுக்கொண்டே, தான் சொல்லிக் கொடுப்பதில்லை, வாசிப்பது மட்டும்தான், ராத்தா கேட்டுக்கொண்டிருப்பா என்றான்.

“எத்தின தரம் வாசிப்பாய்?”

“மூணு. நாலாம் தரம் வாசிச்சா ஏசுவா.”

பதிலுக்கு அவனுடைய கணக்கு முழுவதையும் செய்து கொடுப்பது ராத்தா. இரண்டாம் வகுப்பில் வீட்டுக் கணக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எடுத்து, புத்திசாலி என்று மாலை போடப்பட்ட ஸஜ்ஜாத்துக்கு ஏழையும் எட்டையும் கூட்ட விரல் போதாது என்று அன்றைக்குத்தான் தெரிய வந்தது. நிப்றாஸ் ஒரு பிள்ளையின் குறையை விசாரிக்கப் போய் இரண்டு பிள்ளையின் குறையோடு திரும்பினான்.

“ஏன்டா எனக்குச் சொல்லல்ல?”

“நீங்க கண்ண மூடிட்டு இருந்தீங்க வாப்பா. நித்திரயாக்கும் எண்டு நினச்சம்.”

கடிதத்தையும் அவன்தான் வாசித்திருக்கிறான். வேறு யார் வாசிப்பது? கோட்டை வீதியில் நின்று முழுவதையும் வாசித்துக் காட்ட, ராத்தா கேட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். எதிரே மான் நின்றது.

“ராத்தா உன்ட வகுப்புக்கு வந்தா உனக்கு என்ன?”

ஸஜ்ஜாத் கொஞ்சம் யோசித்தான். “கணக்குக்கு நல்லம். ஆனா பொடியன்மார் கேப்பாங்க, இவ உனக்கு முன்னால பிறந்தவவா, பின்னால பிறந்தவவா எண்டு.”

அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற சுஹைரா அப்போது ஒரே ஒரு வசனம் சொன்னாள். “நான் தம்பிட வாங்கில இருக்க மாட்டன்.” அதற்குப் பிறகு சோறு தின்னவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நிப்றாஸின் அக்காள் ரபீக்கா வந்து, மீன் பொரியலை முகத்துக்கு நேரே காட்டியும் வாய் திறக்கவில்லை.

6

மறுநாளே நிப்றாஸ் ஜெற்றியிலுள்ள இரும்புக் குற்றிகள் ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதினான். மகளைக் கூட்டி வந்து அவற்றுக்கிடையே கயிறு கட்டிச் சொற்களை உண்டாக்கிக் காட்டினான். ஒரு கோதுமைக் கப்பலின் கப்பித்தான் மேலிருந்து பார்த்துவிட்டு, தன்னுடைய கப்பலை “ழ”வில்தான் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்து

[இந்தப் பந்தியை வெட்டுகிறேன். சத்தியம் செய்திருக்கிறேன். ஜெற்றிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். கப்பித்தான் கேட்டதும் “ழ” அல்ல, “ற”.]

நடந்தது வேறு. மூன்று நாள் அவன் தோற்றான்.

முதலில் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சிறிய சதுரம் வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி பக்கத்தின் மேல் வைத்தான். சுஹைரா சதுரத்தைப் பார்த்ததும் சொல்லைச் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு சதுரத்தைப் புத்தகத்துக்கு வெளியே, மேசை விரிப்பின் மேல் வைத்துப் பார்த்தான். அடுத்த சொல்லை அங்கேயும் சொன்னாள்.

கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வரச் சொன்னான். இரண்டு நாளில் புத்தகம் பின்பக்கமாகவும் பாடமாகிவிட்டது. ஸஜ்ஜாத்தை வாசிக்கக் கூடாது என்று தடுத்தான். அவள் பேரம் பேசி, பக்கத்து வீட்டு மாமி ரபீக்காவை வாசிக்க வைத்தாள்.

(பத்து நாளில் ஒரு பிள்ளை வாசிக்கப் பழகுமா என்று கேட்பவர்களுக்கு: அவளுக்கு எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். கூட்டத்தில் தெரியாது. கலியாண வீட்டில் எத்தனையோ முகம் கண்டுவிட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் முழிப்பதில்லையா, அப்படி. பாடமாக்கும் கெட்டித்தனம் இருந்ததால் அவளுக்கு அந்த முறையைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை.)

நாலாம் நாள், வேலைவிட்டு வந்து கை கழுவும்போது, நிப்றாஸுக்கு ஒன்று பிடிபட்டது. புத்தகத்தில் உள்ள எதையும் யாராவது ஒருவர் அவளுக்கு வாசித்துக் காட்டிவிடலாம். உலகத்தில் இல்லாத வசனத்தை யாரும் வாசித்துக் காட்ட முடியாது. பிஸ்கட் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் தானே எழுதினான்: “வாப்பாவின் காற்சட்டையில் ஓட்டை.”

சுஹைரா அட்டையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஸஜ்ஜாத் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக் காட்டினான். அவள் விரலை வலப்பக்கம் வைத்தாள். நிப்றாஸ் அந்த விரலைத் தூக்கி இடப்பக்கம் வைத்தான். அன்றைக்கு “வாப்பா” மட்டும் வந்தது. அடுத்த நாள் “காற்சட்டை”. ஓட்டைக்கு இன்னொரு நாள் பிடித்தது. வந்ததும் அவள் எழும்பிப் போய்க் கொடியில் காய்ந்த காற்சட்டையை விரித்துப் பார்த்தாள்.

ஏழாம் நாள் அவன் கொஞ்சம் யோசித்து ஒரு வசனம் எழுதினான்: “சுஹைரா கடிதத்தை மானுக்குக் கொடுத்தாள்.”

“சு... ஹை... ரா.” அது அவளுக்குத் தெரிந்த சொல். சிரித்தாள். “க... டி... கடி... தத்தை.” சிரிப்பு நின்றது. விரல் நகர்ந்தது. “மா... னு...”

வாய் மூடிக்கொண்டது. விரல் மட்டும் வரியின் முடிவு வரைக்கும் போய் நின்றது.

“நான் குடுக்கல்ல வாப்பா,” என்றாள். “அதுதான் இழுத்த.”

நிப்றாஸ் எழும்பிக் குசினிக்குப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தான். அவனுக்குத் தாகம் இருக்கவில்லை. வாசிக்காத ஒருத்தி மறுப்புச் சொல்ல மாட்டாள் அல்லவா?

7

வியாழக்கிழமை மஃரிப் முடிய ஜெஸீமா ஃபோன் எடுத்தாள். இந்த ஒன்பது நாளும் சுஹைரா அவளுக்குப் புத்தகத்தைத்தான் பாடம் ஒப்பித்தாள். நிப்றாஸ் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டான். அன்றைக்கு அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. அட்டையை எடுத்தாள். அவனிடம் கேட்டு எடுக்கவில்லை.

அதில் அவன் புதிதாக எழுதியிருந்தது: “உம்மாவின் தையல் மெஷினில் பூனை படுக்கிறது.”

“உம்... மா... வின்.”

இடைவெளி.

“தை... ய...”

“கேக்குதா?” என்றாள் ஜெஸீமா. “விட்டு விட்டு வருது. இஞ்ச நெட் சரியில்லயா, அங்கயா?”

சுஹைரா வாப்பாவைப் பார்த்தாள். சொல்வதென்றால் இப்போது சொல்லலாம். மகளுக்கு வாசிக்கத் தெரியாது, ஒன்றரை வருடமாக நீ கேட்டது வாசிப்பே இல்லை, நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று சொல்லலாம். நிப்றாஸ் ஃபோனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான்.

“ஓம், இஞ்ச லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு. வைச்சிராத. பொறுத்துக் கேளு.”

ஜெஸீமா பொறுத்துக் கேட்டாள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைப்பது கால் மணித்தியாலம். அதில் ஆறு நிமிடம் ஒரு வசனத்துக்குப் போனது. “மெ” வந்தது, “ஷி” வந்தது. “பூனை” மட்டும் ஒரே மூச்சில் வந்தது. ஸஜ்ஜாத் பக்கத்தில் இருந்து தன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சொல்லிக் கொடுக்காமல் இருப்பது அவனுக்கு அவ்வளவு பெரிய வேலை.

“பூனையா?” என்றாள் ஜெஸீமா. “என்ட மெஷின்லயா படுக்குது? எழுப்பி விடுங்க அத.”

ஜெஸீமாவுக்கு வசனம் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு வசனம், முதல் தடவையாக.

பிறகு அவள், நாளைக்குப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள், மகள் முந்தி எவ்வளவு வடிவாக வாசித்தாள், இது நன்றாக இல்லை என்றாள்.

“நாளைக்கும் லைன் இப்பிடித்தான் இருக்கும்,” என்றான் நிப்றாஸ். “கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான்.”

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சுஹைரா புது வசனத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். டீச்சர் கடிதத்தைக் கிழிக்கிறார். துண்டுகள் ஜன்னலால் பறந்து துறைமுகத்தின் மேல் வெண்புறாக்களாக (இதை எழுதிய கையை நானே அடித்தேன்.)

இரண்டாவது: வாசிக்கவில்லை. நிப்றாஸ் கையொப்பம் வைக்கிறான். சுஹைரா தம்பியின் வாங்கில் இருக்கிறாள். தம்பியின் கணக்கு இன்னும் முன்னேறுகிறது. வருட முடிவில் அவனை இரட்டை உயர்வு கொடுத்து நாலாம் வகுப்பில் போடுகிறார்கள். (கல்வி அலுவலகத்தார் வாசிக்கக்கூடும் என்பதால் இதை விடுகிறேன்.)

மூன்றாவது, நான் சத்தியம் செய்து சொல்வது:

அன்று காலை ஒரு சீமெந்துக் கப்பல் வந்தது. நிப்றாஸ் தன் கயிற்றைக் கூட்டாளி ஸப்வானிடம் கொடுத்துவிட்டு, சேர்ட் மாற்றி, பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் உயர இருந்தான். சுஹைராவின் தலைமுடியை மாமி ரபீக்கா இழுத்துப் பின்னியதில் அவளுக்குக் கண்கள் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தன. ஸஜ்ஜாத்தை வகுப்பிலிருந்து விடவில்லை. அவன் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

டீச்சர் அன்றைய பேப்பரை எடுத்து, வானிலைச் செய்தியில் ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதை மடித்து மறைத்தார். “கிழக்குக் கடலில் காற்று பலமாக வீசும்.” யாரும் அவளுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்க முடியாது.

சுஹைராவின் விரல் வரியின் வலக்கோடியில் போய் நின்றது.

நிப்றாஸ் தன் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் பாரத்தைப் போட்டு இருந்தான். போய்த் தூக்கி வைக்கக் கூடாது. விரல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல எழும்பி, பேப்பரின் மேலாக, யாரும் தொடாமல், இடக்கோடிக்குப் போய் இறங்கியது.

“கி... ழ...”

“கிழக்கு” வந்தது. “கடல்” வந்தது, பிறகு திரும்பிப் போய் “கடலில்” ஆனது. “காற்று” வருவதற்குள் நெற்றியில் வியர்த்துவிட்டது. அந்த இடத்தில் பாடவேளை மணி அடித்தது. மற்ற முப்பத்தேழு பேரும் ஒரேயடியாகக் கதவால் உள்ளே வந்தார்கள். இன்னும் இரண்டு சொல் மிச்சம்.

மூன்று சொல் ஒரு வசனம் ஆகுமா? டீச்சர் கேட்டது ஒரு வசனம். ஆனால் பத்து நாளுக்கு முன் அவள் கையில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் ஆறுதலாக இருந்தால் மிச்சத்தையும் தைரியமாகப் பிடித்துக்கொள்வாள் என்றும் சொல்லலாம். தம்பியின் வாங்கில் இருத்தினால் இந்த மூன்றையும் விட்டுவிடுவாள் என்றும் சொல்லலாம். டீச்சர் நிப்றாஸைப் பார்த்தார். நிப்றாஸ் மகளைப் பார்த்தான். மகள் யாரையும் பார்க்கவில்லை. இரைச்சலுக்குள் “ப... ல...” என்று தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

கடிதம் மேசையில் இருக்கிறது. கிழிப்பதா, கையொப்பம் வைப்பதா? எனக்கு வயது போய்விட்டது, தீர்ப்புச் சொல்ல வராது. நீங்கள் பிள்ளை வளர்த்தவர்கள், அல்லது பிள்ளையாக இருந்தவர்கள். உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

அச்சுக்கு அனுப்ப முன் திகதி போடுவதற்காகச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை, இலங்கையில் அன்று ஒரு பள்ளிக்கூடமும் திறக்கவில்லை.